பூட்டிய வீட்டுக்குச் சலுகை, எங்கள் பறைக்கு இழிவா?

நாவலூரில் ராஜீவ் காந்தி சாலையோரம் இரவு எட்டு மணிக்கு நின்று மேலே பாருங்கள், தோழர்களே. சிறுசேரி சிப்காட்டிலிருந்து கம்பெனி பேருந்துகள் திரும்பும் நேரம். இருபுறமும் அடுக்குமாடிக் கட்டடங்கள். ஒருநாள் நாங்கள் ஐந்து பேர் நின்று விளக்கு எரியாத ஜன்னல்களை எண்ணத் தொடங்கினோம். பாதியில் விட்டுவிட்டோம். இருட்டாக இருக்கும் ஜன்னல் எல்லாம் காலி வீடு ஆகிவிடாது. இரவு ஷிப்ட்டுக்குப் போனவர்கள் இருப்பார்கள், ஊருக்குப் போனவர்கள் இருப்பார்கள். ஆகவே ஜன்னலை விட்டுவிட்டு, அந்த வீடுகளுக்குள் போய் வருகிறவரிடம் கேட்டோம்.

செம்மஞ்சேரி வாரியக் குடியிருப்பிலிருந்து இங்கே வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருவர் சொன்னார்: "நான் பாக்குற வூட்டுல மூணு வூட்டுக்கு ஆளே கெடையாது தம்பி. சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கும். வாரம் ஒருக்கா போயி பெருக்கித் தொடச்சி, ஜன்னலத் தொறந்து வெச்சி, திரும்பப் பூட்டிட்டு வரணும். எங்க வூட்டுல ஏழு பேரு. கால நீட்டிப் படுக்க எடம் கெடையாது. ஆள் இல்லாத வூட்டுக்கு காத்து வேணும்னு என்னை அனுப்புறாங்க."

இந்தப் பதிவு அந்த அக்கா சொன்னதைப் பற்றியது. சொத்து வரி என்றால் வீட்டுக்காரர்கள் விஷயம், நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நமக்குத்தான் அதில் எல்லாம் இருக்கிறது. வரி பாக்கியை எப்படி வசூலிப்பது, பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளிலும் இந்த நாடு இதுவரை சாதியைக் கொண்டுதான் பதில் சொல்லியிருக்கிறது. எப்படி என்று சொல்கிறோம்.

வீடு இருக்கிறது, ஆள் இல்லை

முதலில் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகளும் கட்டடங்களும் சுமார் 1 கோடியே 10 லட்சம். அடுத்த ஆண்டு, 2012இல், ஒன்றிய அரசு அமைத்த வல்லுநர் குழு நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 87 லட்சம் என்றது. அந்தப் பற்றாக்குறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் பொருளாதாரத்தில் நலிந்த, குறைந்த வருவாய்க் குடும்பங்களுடையது. ஒரே நாட்டில், ஒரே நேரத்தில், இரண்டு எண்களும் கோடியில். வீடு கட்டப்படாததால் மட்டும் நம் மக்கள் வீடில்லாமல் இல்லை. கட்டிய வீடு பூட்டப்பட்டிருப்பதாலும் வீடில்லாமல் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு எண்களையும் ஒரே சாலையில் பார்க்க வேண்டுமானால் ஓஎம்ஆருக்கு வாருங்கள். சென்னைக்குள் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களை அரசு கொண்டுவந்து வைத்தது இந்தப் பக்கம்தான். கண்ணகி நகரில் 15,656 வீடுகள். செம்மஞ்சேரியில் 6,764. பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2020 டிசம்பரில் சத்தியவாணி முத்து நகரிலும் குடிசைகளை இடித்தபோது குடும்பங்களை ஏற்றிய லாரிகள் பெரும்பாக்கத்துக்குத்தான் வந்தன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பின்போது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். இப்படி வேரோடு பிடுங்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரும்பாக்கத்தில் நானூறு சதுர அடி தேறாத வீட்டுக்கு மாதப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டப்படும். சில கிலோமீட்டர் தள்ளி நாவலூரில் ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி ஃபிளாட்டை ஐந்து ஆண்டு பூட்டி வைத்தாலும் ஏன் என்று கேட்க ஒருவர் இல்லை. அந்த அக்கா இந்த இரண்டுக்கும் நடுவே தினமும் ஷேர் ஆட்டோவில் போய் வருகிறார்.

அவமானப்படுத்த எங்கள் பறை எதற்கு?

இப்போது வசூலுக்கு வருவோம். வரி பாக்கி வைத்தவரிடம் வசூலிக்க உள்ளாட்சிகளுக்குச் சட்டத்தில் வழிகள் இருக்கின்றன. நோட்டீஸ் தரலாம், வட்டி போடலாம், பொருளை ஜப்தி செய்யலாம், வழக்குத் தொடுக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, தமிழ்நாட்டின் பல நகரங்களில் மார்ச் மாதம் வந்தால் என்ன செய்தார்கள்? பாக்கிதாரர் வீட்டு வாசலில் மேளம் அடித்தார்கள். கடை முன்னால் குப்பைத் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். பத்திரிகைகள் அதை 'நூதன வசூல்' என்று சிரித்துக்கொண்டே எழுதின.

நாம் சிரிக்க முடியாது. வாசலில் பறை ஒலித்தால் வீட்டுக்காரருக்கு ஏன் மானம் போகிறது? தோல் கருவியின் ஓசையிலா அவமானம் இருக்கிறது? இல்லை. அதை அடிப்பவர் தன் வாசலில் வந்து நிற்கிறார் என்பதில் இருக்கிறது. குப்பைத் தொட்டி ஏன் தண்டனை ஆகிறது? அதே குப்பையை அந்த வீடுதான் தினமும் வெளியே தள்ளுகிறது. அதைத் தொட்டு எடுக்கிறவர் இன்னார் என்று இந்தச் சமூகம் ஒதுக்கி வைத்திருப்பதால்தான் அந்தத் தொட்டி தண்டனையாக வேலை செய்கிறது. ஆக, நகராட்சி அவிழ்த்துவிடுவது தீட்டு. வரி கட்டாதவனைத் தண்டிக்க ஓர் அரசு அலுவலகம் தீண்டாமையைக் கருவியாக எடுக்கிறது. அந்தக் கருவியைத் தூக்கிச் செல்லவும் நம் ஆட்களையே அனுப்புகிறது. பாக்கிதாரருக்கு ஒருநாள் அவமானம். மேளம் அடித்தவருக்கும் தொட்டி தள்ளியவருக்கும்? 'உன்னைப் பார்த்தாலே அடுத்தவனுக்கு அவமானம்' என்று அரசே சொல்லி அனுப்புகிறது.

இது செங்கல்பட்டு மண். 'பறையன்' என்ற பெயரையே 1893இல் தன் இதழுக்குத் தலைப்பாக வைத்த இரட்டைமலை சீனிவாசன் பிறந்த மண். சாவுக்கு மட்டும் அடி என்று கட்டளையிடப்பட்ட பறையை மேடைக்கும் போராட்டத்துக்கும் கொண்டுவந்தது நம் இயக்கம். கல்லூரி விழாவில் நீங்கள் தலை நிமிர்ந்து அடிக்கும் அதே பறை, வரி வசூலில் மட்டும் சாதிப் பறையாகத் திரும்பிவிடுகிறது.

2022 ஆகஸ்ட்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிவிப்புக்காகத் தண்டோரா போடும் வழக்கத்தைத் தடை செய்ய வேண்டும், வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னால் போதும் என்றார். வரவேற்றோம். ஆனால் அறிவிப்புக்குத் தண்டோரா கூடாது என்ற அரசு, வசூலுக்காக மேளமும் குப்பைத் தொட்டியும் கூடாது என்பதையும் அப்பட்டமாக எழுதித் தர வேண்டும். இது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. 2006இல் பீகாரின் பாட்னா மாநகராட்சி, பாக்கி வைத்த கடைகளின் முன் திருநங்கைகளைப் பாடி ஆட வைத்து வரி வசூலித்தது. யாரைப் பார்த்தால் 'மரியாதைப்பட்டவர்' கூசுவார் என்று அதிகாரி யோசிக்கும்போது அவர் மனதில் வரும் பட்டியல் எப்போதும் நாம்தான்.

குழாயை மூடினால் தாகம் யாருக்கு?

அடுத்த ஆயுதம் குடிநீர், கழிவுநீர் இணைப்பைத் துண்டிப்பது. வரி பாக்கி வீட்டு உரிமையாளருடையது. அந்த வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர். மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்துவிட்டவர். அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்கும். உரிமையாளர் வேறு நகரத்தில், வேறு நாட்டில், குழாயைத் திறந்து குளித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் குழுவில் ஒரு தோழருக்கு இது நடந்தது. வாடகைக்கு இருந்த வீட்டின் வரி நான்கு ஆண்டு பாக்கி. அவருக்குத் தெரியாது. ஒரு காலை இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: "ஓனரைக் கூட்டிட்டு வாங்க." ஓனர் போனை எடுக்கவில்லை. இரண்டு வாரம் கேன் தண்ணீரில் குடும்பம் நடந்தது. பாக்கி வைத்தவருக்குக் கடைசிவரை ஒரு சொட்டுக் கஷ்டமும் இல்லை.

காலி வீட்டுக்குப் பாதி வரி

அடித்துப் பிடுங்குவது ஒரு பக்கம். தடவிக் கொடுப்பது மறுபக்கம். 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அரையாண்டில் முப்பது நாளோ அதற்கு மேலோ கட்டடம் காலியாக இருந்தால், காலியாக இருந்த நாட்களுக்கு ஏற்ப வரியில் பாதி வரை தள்ளுபடி கேட்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில் வாடகைதாரர் கிடைக்காத வீட்டுக்காரருக்கு இரக்கப்பட்டு எழுதிய விதி.

இந்த விதி நாடறியச் செய்தியானது 2020 அக்டோபரில். நடிகர் ரஜினிகாந்துக்குச் சொந்தமான கோடம்பாக்கம் ராகவேந்திரா திருமண மண்டபத்துக்கு அரையாண்டுக்குச் சுமார் 6.5 லட்சம் ரூபாய் வரி கேட்டது மாநகராட்சி. ஊரடங்கில் மண்டபம் பூட்டிக் கிடந்தது, ஆகவே தள்ளுபடி வேண்டும் என்று உயர் நீதிமன்றம் போனார். மாநகராட்சியின் பதிலுக்குக் காத்திராமல் அவசரமாக வந்ததை நீதிமன்றம் கண்டித்தது. மனுவைத் திரும்பப் பெற்று, மறுநாளே முழு வரியையும் கட்டினார். அவர்மீது நமக்குக் கோபம் இல்லை. சட்டத்தில் இருந்த வழியைத்தான் கேட்டார். அந்த ஊரடங்கில் வேலையும் போய் வாடகையும் கொடுக்க வேண்டியிருந்த நம் வீடுகளுக்கு அப்படிக் கேட்க எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு இருந்தது என்பதுதான் நம் கேள்வி.

2023 ஏப்ரலில் அந்தப் பழைய சட்டம் போய், 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புத்தகம் மாறியது. ஆனால், வேண்டுமென்றே பூட்டி வைத்த வீட்டுக்குக் கூடுதல் வரி என்ற யோசனை மட்டும் தமிழ்நாட்டில் இன்னும் எங்கும் நுழையவில்லை. நாவலூர் இன்னும் ஊராட்சி. இங்கே கட்டுவது வீட்டு வரி. இந்த ஊராட்சியிலும் பூட்டிய ஃபிளாட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல் கிடையாது.

முடியாத காரியமா இது? 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது அரசு வீட்டின் அளவைப் பார்த்து விகிதம் வைத்தது. சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடிக்குள் இருந்தால் 50 விழுக்காடு உயர்வு, 1,800 சதுர அடிக்கு மேல் இருந்தால் 150 விழுக்காடு. அளவைப் பார்த்து விகிதம் வைக்கத் தெரிந்த அரசுக்குப் பூட்டைப் பார்த்து விகிதம் வைக்கத் தெரியாதா? கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீட்டு வரி வசூலிக்கிறது. வீட்டு மதிப்பில் 1 விழுக்காட்டில் தொடங்கி, பிறகு 3 விழுக்காடாக உயர்த்தியது. ஆறு மாதத்துக்கு மேல் ஆள் குடியிருந்தால் அந்த வரி இல்லை.

வீடு காலியாகவே இருக்கட்டும், அவனுக்கு மட்டும் வேண்டாம்

காலி வீட்டைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் பேசும்போது முதலீடு, வட்டி விகிதம், வாடகை வருமானம் என்று அடுக்குவார்கள். நமக்குத் தெரிந்த காரணத்தை அவர்கள் எழுதுவதில்லை.

நம்மில் எத்தனை பேர் வாடகை வீடு தேடி அலைந்திருக்கிறோம்? போனில் எல்லாம் சரி. நேரில் போனால் 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு' என்பார்கள். 'சைவம்தானே' என்பார்கள். பெயரைக் கேட்பார்கள், அப்பா பெயரைக் கேட்பார்கள், கடைசியில் 'வீட்டுக்காரர் பையன் வந்துட்டான், இப்போதைக்கு வாடகைக்கு விடல' என்பார்கள். ஆறு மாதம் கழித்தும் அதே டு-லெட் பலகை அங்கேயே தொங்கும். வாடகை வருமானத்தை இழந்தாலும் பரவாயில்லை, இன்ன ஆள் வரக்கூடாது என்று முடிவெடுக்கும் வீட்டு உரிமையாளர் எந்தப் பொருளாதாரப் பாடத்திலும் இல்லை. சாதியின் பாடத்தில் இருக்கிறார்.

இது வெறும் நம் மன வருத்தம் அல்ல. சுகதேவ் தோரட்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வாடகைக்கு வீடு கேட்டுச் சோதித்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, ஒரே வேலை, வேறு வேறு பெயர்கள். உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அதேபோலத் திறக்கவில்லை. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது, வாடகை நீதிமன்றம் அமைக்கிறது. சாதியைப் பார்த்து வீடு மறுப்பவரை என்ன செய்வது என்பது பற்றி அதில் பேச்சே இல்லை.

சிலர் கேட்பார்கள்: 'என் வீடு, என் காசு, வரியும் கட்டுகிறேன். பூட்டி வைப்பது என் உரிமை இல்லையா?' அந்த வீட்டின் விலை எப்படி ஏறியது என்று திருப்பிக் கேளுங்கள். முன்னால் இருக்கும் அகலச் சாலை பொதுச் சொத்து. 2023 அக்டோபரில் நாவலூர் சுங்கச்சாவடியில் கட்டணம் நிறுத்தப்பட்டது அரசின் முடிவு. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரும் மெட்ரோ ரயில் பாதை நம் எல்லோர் வரிப் பணத்திலும் கடனிலும் எழுகிறது. பூட்டிய வீட்டின் விலை ஒரு விரலும் அசைக்காமல் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்பது கொள்ளை அல்ல.

நாம் வரி கட்டத் துடிக்கிறோம்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வசதியுள்ளவர் வரி ரசீதைத் தள்ளிப் போடுகிறார். நம் மக்கள் வரி ரசீது கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

புறம்போக்கில் முப்பது நாற்பது ஆண்டு குடியிருக்கும் குடும்பத்துக்கு வீட்டு வரி ரசீதுதான் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும் முதல் காகிதம். மின் இணைப்புக்கு அது வேண்டும். நாளைக்கு ஜேசிபி வந்தால் காட்டுவதற்கும் அது வேண்டும். எங்கள் பகுதித் தெரு ஒன்றுக்காக ரசீது கேட்டு நாங்கள் ஓர் அலுவலகத்துக்கு ஏறி இறங்கியிருக்கிறோம். 'வரி போட்டால் நாளைக்குப் பட்டா கேப்பீங்க' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பணம் கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் அதே அலுவலகம், ஆண்டு இறுதியில் 'வசூல் குறைவு, நிதி இல்லை' என்கிறது.

ரசீது சொத்துரிமைக்குச் சான்று ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் பஞ்சமி நிலத்தை வளைத்தவர் கையில் அதே ரசீது என்னவாகிறது என்று நமக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் வரி கட்டிய அனுபவ ஆதாரம் என்று நீட்டுகிறார்கள். இந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் காரணைப் போராளிகள் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். காரணைக்கும் நாவலூருக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. எந்தக் கட்டடம் எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது என்பதை ஆவணத்தோடுதான் பேச வேண்டும். வாய்க்கு வந்தபடி குற்றம் சாட்டக்கூடாது. ஆனால் புதிதாக வரி விதிக்கும்போது நிலத்தின் வகையைப் பார்க்காமல் ரசீது கிழிப்பது, திருடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

கடுமை வேண்டும், யார்மீது?

'அப்படியானால் பாக்கிதாரர் வீட்டை ஏலம் விடுங்கள்' என்று சில தோழர்கள் ஆவேசப்படலாம். பொறுங்கள். கடுமையான சட்டம் முதலில் யார் கழுத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் டெட்ராயிட் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். வீட்டைச் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் வரிக்காக மதிப்பிடக் கூடாது என்று அந்த மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. அதை மீறி ஏழைகளின் வீடுகளுக்கு மிகையாக மதிப்புப் போட்டார்கள். கட்ட முடியாமல் பாக்கி விழுந்தது. பாக்கிக்காக வீடுகள் பறிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பறித்த வீடுகள் பல காலியாகக் கிடந்து பாழாயின. ஆள் இருந்த வீட்டை ஆளில்லாத வீடாக்கியது வரி வசூல்.

மின்னசோட்டா மாநிலத்தில் 94 வயதுப் பாட்டி ஒருவரின் சிறு வீட்டை, வட்டியும் அபராதமும் சேர்த்து 15,000 டாலர் பாக்கிக்காக உள்ளூர் நிர்வாகம் எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அது தவறு என்றார்கள்.

நம் ஊரில் வாரிய வீட்டிலோ காலனி வீட்டிலோ குடியிருந்து பாக்கி வைத்தவரும், பத்து ஃபிளாட் பூட்டி வைத்துப் பாக்கி வைத்தவரும் ஒரே பட்டியலில் வந்தால் முதலில் கதவு தட்டப்படுவது யாருடையது? பெரிய பாக்கிதாரர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்குவார். அல்லது வட்டித் தள்ளுபடித் திட்டம் வரும்வரை காத்திருப்பார். 2024இல் பெங்களூரு மாநகராட்சி அப்படித்தான் வட்டியைத் தள்ளுபடி செய்து, அபராதத்தையும் குறைத்தது. நாள் தவறாமல் கட்டியவர் ஏமாளி ஆனார். தடையாணை வாங்க வக்கீல் இல்லாத வீட்டு வாசலில்தான் பில் கலெக்டரின் குரல் உயரும்.

அந்தப் பணம் யாருடையது?

வரி வராவிட்டால் முதலில் வெட்டப்படுவது எது? 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்துப் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் தூக்கி அப்புறப்படுத்தப்பட்டார்கள். கிராம ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்களுக்கு 2022இல் மாத ஊதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஐயாயிரம்! ஓஎம்ஆர் ஃபிளாட் ஒன்றின் மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் சாகிறவர்களின் எண்ணிக்கையில் ஒன்றிய அரசின் கணக்கிலேயே தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது.

வரி பாக்கி என்பது இவர்களின் கூலி பாக்கி. அப்படித்தான் நாம் அதைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் கேட்பது

ஒன்று: வசூலுக்காக மேளம், குப்பைத் தொட்டி, தூய்மைப் பணியாளர்களை வாசலில் நிறுத்துவது ஆகிய அனைத்தையும் தடை செய்து தெளிவான அரசாணை வேண்டும். மீறும் அதிகாரிமீது நடவடிக்கை வேண்டும்.

இரண்டு: வாடகைக்காரர் இருக்கும் வீட்டில் குடிநீரைத் துண்டிக்கக் கூடாது. பாக்கி தீரும்வரை வாடகையை உள்ளாட்சிக்கே செலுத்தச் செய்யலாம்.

மூன்று: வசூல் பெரிய பாக்கியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே வீட்டில் குடியிருக்கும் ஏழை, முதியோர், தனித்து வாழும் பெண்கள் ஆகியோரின் வீட்டை ஏலம் விடக் கூடாது. அவர்களுக்குத் தவணை வேண்டும்.

நான்கு: குடியிருக்கும் வீட்டைத் தவிர, ஓராண்டுக்கு மேல் பூட்டிய இரண்டாவது, மூன்றாவது வீட்டுக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறும் கூடுதல் வரி வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின் கணக்கே ஆள் இருப்பதையும் இல்லாததையும் காட்டிவிடும். வாரிசு வழக்கு, நோய், மராமத்து என்று நியாயமான காரணம் இருந்தால் விலக்கு. வாங்கிய ஒரே வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவருக்கும் விலக்கு. நம்மிலேயே முதல் தலைமுறையாக ஃபிளாட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஐந்து: சாதி, மதம், உணவு சொல்லி வாடகைக்கு வீடு மறுப்பதை வாடகைச் சட்டத்திலேயே குற்றமாக்க வேண்டும். இது இல்லாமல் நான்காவது கோரிக்கை மட்டும் வந்தால் பூட்டு திறக்கும், நமக்குத் திறக்காது.

ஆறு: காலி வீட்டு வரியில் வரும் பணம் தனிக் கணக்கில் சேர வேண்டும். தூய்மைப் பணியாளர் ஊதியத்துக்கும் வாரியக் குடியிருப்புப் பராமரிப்புக்கும் மட்டுமே போக வேண்டும்.

ஏழு: புறம்போக்கில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீட்டு வரி ரசீது மறுக்கக் கூடாது. புதிய கட்டடத்துக்கு வரி விதிக்கும் முன் அந்த நிலம் பஞ்சமி நிலமா என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

படித்துவிட்டுப் பகிர்வதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் கேட்பு, வசூல், நிலுவைக் கணக்கு இருக்கிறது. எவ்வளவு வரி கேட்டார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்பது அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மூன்று கேள்வி கேளுங்கள். அதிகத் தொகை பாக்கி வைத்துள்ள முதல் ஐம்பது கணக்குகளின் தொகை எவ்வளவு? கடந்த மூன்று ஆண்டில் குடிநீர் துண்டிக்கப்பட்ட வீடுகள் எத்தனை, அதில் வாடகை வீடுகள் எத்தனை? வசூலுக்காக மேளத்துக்கு எந்தச் செலவுத் தலைப்பில் பணம் கொடுக்கப்பட்டது?

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். நாவலூர் கிராம சபைக்கு அடுக்ககக்காரர்கள் அதிகம் வருவதில்லை. நாம் போவோம். வரிக் கணக்கைச் சபையில் வாசிக்கச் சொல்வோம். காலி வீடுகளைக் கணக்கெடுக்கத் தீர்மானம் போடச் சொல்வோம். தீர்மானம் தோற்றாலும் கேள்வி பதிவேட்டில் ஏறும்.

அடுத்த மார்ச்சில் எங்காவது வரி வசூலுக்கு மேளம் கேட்டால், வீடியோ எடுங்கள். அடிப்பவரின் முகம் விழாமல் எடுங்கள். அவர் நம் ஆள், கூலிக்கு வந்தவர். அனுப்பிய அதிகாரியின் பதவியைக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு அனுப்புங்கள்.

அந்தச் செம்மஞ்சேரி அக்காவிடம் இந்தப் பதிவை வாசித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, அந்த வூட்டத் தொறந்தா எங்களுக்கு வாடகைக்குத் தருவாங்களா?" இப்போதைக்குத் தரமாட்டார்கள் அக்கா. அதனால்தான் ஐந்தாவது கோரிக்கையை எழுதியிருக்கிறோம்.

ஜெய் பீம்.